தோளிலும் இருதயத்திலும்

வேதபகுதி: யாத்திராகமம் 28:1-30, லேவியராகமம் 16:1-24, யோவான் 13:1-17

சீனாய் மலையில் தேவன் மோசேக்குக் கொடுத்த கட்டளைகளில், ஆசாரிய உடைக்கென்று ஓர் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகள் நெய்யப்பட்ட இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல், மெல்லிய பஞ்சுநூல் ஆகியவை ஆரோனின் ஏபோத்திலும் இடம்பெற்றன. அவற்றோடு பொன்னும் சேர்ந்தது. அந்த உடையை அணிந்தவன் தேவசமுகத்துக்குரியவன் என்பதைக் காண்போர் அறிந்தனர். எனினும், அவன் எதற்காக அதை அணிந்தான் என்பதை அந்த உடையில் பதிக்கப்பட்டிருந்த கற்களே விளக்குகின்றன.

1. தோளின்மேல் பெயர்கள் (யாத். 28:9-12)

ஏபோத்தின் தோள்பட்டைகளில் இரண்டு கோமேதகக் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு பெயர்களாக, இஸ்ரவேலின் 12 புத்திரரின் பெயர்களும் வெட்டப்பட்டன. தோள் பாரம் சுமக்கும் இடம். பெயர்கள் தகுதியின்படி அல்ல, பிறந்த வரிசையின்படியே பொறிக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. சேஷ்டபுத்திரபாகத்தை இழந்த ரூபனின் பெயர் அங்கே இருந்தது. கொடுமையினிமித்தம் தகப்பனால் கடிந்துகொள்ளப்பட்ட சிமியோன், லேவி என்பவர்களின் பெயர்களும் இருந்தன. குற்றமற்றவர்களை மாத்திரம் தெரிந்தெடுத்துச் சுமக்கும் உரிமை ஆசாரியனுக்கு அளிக்கப்படவில்லை.

2. இருதயத்தின்மேல் பெயர்கள் (யாத். 28:15-30)

மார்ப்பதக்கம் ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமுமான சதுரம். அதில் நான்கு வரிசைகளாக 12 கற்கள் பதிக்கப்பட்டன. தோளில் ஆறு பெயர்களுக்கு ஒரு கல். மார்பிலோ ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல். வெவ்வேறு நிறமும் ஒளியும் உடைய அந்தக் கற்களில் ஒன்றும் மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. பதக்கம் நெகிழ்ந்துபோகாதபடி அது நீல நாடாவினால் ஏபோத்தோடு கட்டப்பட்டது. தோள் பலத்துக்கும் மார்பு அன்புக்கும் அடையாளம். அன்பில்லாத பலம் ஜனத்தை வெறும் பாரமாக எண்ணும். பலமில்லாத அன்பு பாதிவழியில் சோர்ந்துவிடும்.

3. கழற்றப்பட்ட மகிமை (லேவி. 16:4, 23)

ஏழாம் மாதம் பத்தாம் தேதியாகிய பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் பொன்னும் இரத்தினமும் இல்லாத எளிய சணல்நூல் உடையோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தான். ஜனத்தின் பாவத்துக்காக நின்ற வேளையில் அவனிடத்தில் அலங்காரம் காணப்படவில்லை.

மேலறையில் ஆண்டவராகிய இயேசு வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, அரையில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸும் மறுதலிக்கவிருந்த பேதுருவும் அங்கே இருந்தனர். அவர்களுடைய பெயர்களும் அவருடைய இருதயத்தின்மேல் இருந்தன. இன்றும் அவர் தம்முடைய ஜனத்துக்காகப் பரிந்துபேசுகிற பிரதான ஆசாரியராக உயிரோடிருக்கிறார் (எபி. 7:25).

விசுவாசியின் உடை

புதிய உடன்படிக்கையில் விசுவாசிகள் யாவரும் ஆசாரியக்கூட்டமாயிருக்கிறார்கள் (1 பேதுரு 2:9). உருக்கமான இரக்கத்தையும் மனத்தாழ்மையையும் தரித்துக்கொள்ளும்படி பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார் (கொலோ. 3:12). போதகரின் வெள்ளங்கி கனத்தின் அடையாளமாக மாத்திரம் எண்ணப்படுமானால், அது தன் பொருளை இழக்கிறது. ஜெப அட்டவணையில் எழுதப்பட்டுள்ள மிஷனெரிகள், கிராமங்கள், மொழியினங்கள் ஆகியோரின் பெயர்களுக்கும் அவ்வாறே நேரிடக்கூடும். அவை வேகமாக வாசித்து முடிக்கப்படும்போது, கல்லில் வெட்டப்பட வேண்டியவை காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒரே ஒரு பெயரையாவது அதன் துக்கத்தோடும் தேவையோடும் தேவசமுகத்துக்கு எடுத்துச்செல்லுகிறவன், ஆரோனின் உடை போதித்ததை நிறைவேற்றுகிறான்.

சிந்தனைக்கு:

1. மன்னிக்கக் கடினமானதால் ஜெபத்திலிருந்து நீக்கப்பட்ட பெயர் எது?
2. தோளில் இருந்தும் இருதயத்தில் இடம்பெறாத ஊழியப் பொறுப்பு எது?
3. பிறருடைய கால்களைக் கழுவுவதற்காகக் கழற்றிவைக்கப்பட வேண்டிய மேன்மை எது?