வீட்டில் நாய், கொட்டகையில் மாடு, தோட்டத்தில் பன்றி: தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டுத் திண்ணையில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்குகிறது. அடுத்த வீட்டில், நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜி கூண்டு. முதலாமவர் சட்டப்படி குற்றம் செய்கிறார், இரண்டாமவர் செய்யவில்லை. இது பலருக்கும் தெரியாது. கிளி கண்ணெதிரே சந்தையில் விற்பனைக்கு வரும்போது அது குற்றம் என்று எப்படித் தோன்றும்?

படி 1: எந்த அலுவலகம் என்று பாருங்கள்

செல்லப்பிராணி என்றால் மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு. ஆடு, மாடு, கோழியின் நோய், தடுப்பூசி எல்லாம் கால்நடை பராமரிப்புத் துறை. காட்டுயிர் என்றால் வனத்துறை. எதை வளர்த்தாலும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். பட்டினி போடுவதும், நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் அதன்படி குற்றம்தான்.

படி 2: நாய், பூனைக்கு உரிமம்

சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. நாய்க்கு மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் மாநகராட்சி அறிவித்ததும், அதுவரை எட்டிப்பார்க்காதவர்கள்கூட சிப் போடும் முகாம்களில் வரிசையில் நின்றார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. விதி ஊருக்கு ஊர் மாறும்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் “நாய் கூடாது” என்று தீர்மானம் போட்டால் பயப்பட வேண்டாம். செல்லப்பிராணிக்கு மொத்தமாகத் தடை விதிக்கவோ, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக மாடிப்படியில் நாய் போட்டுவிட்டுப் போனதை அப்படியே விட்டுவிட்டு உரிமை பேசவும் முடியாது.

படி 3: கிளி, ஆமை வாங்கும் முன் நில்லுங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பச்சைக்கிளி, மலைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குஞ்சிலிருந்தே வளர்த்தேன், பறக்கவிட்டாலும் திரும்பி வந்துவிடுகிறது என்ற சமாதானம் எல்லாம் செல்லாது. பொதுவாக 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

ஏற்கெனவே கிளி இருந்தால் என்ன செய்வது? கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். சந்தைக் கிளிகளுக்குப் பெரும்பாலும் இறக்கை வெட்டியிருப்பார்கள். நாலு அடி தாவி விழுந்து பூனைக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே வழி.

வெளிநாட்டுப் பறவை என்றால் கதை வேறு. பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் பதிவு தேவையில்லை. ஆப்பிரிக்க கிரே கிளி, மக்காவ், இகுவானா போன்றவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. இவற்றை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்” என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

படி 4: மாடு வாங்கினால்

பல்லைப் பிடித்து வயது பார்ப்பதோடு காதையும் பாருங்கள். 12 இலக்க எண் அச்சிட்ட மஞ்சள் காதுவில்லை இருக்க வேண்டும். தடுப்பூசிக் கணக்கு, காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான். கோமாரி நோய்த் தடுப்பூசி இலவசம். கால்நடைக்கு அவசரம் என்றால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடும் பழக்கம் நகரத்தில் கையைச் சுடும். சென்னையில் முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000. கிராமத்தில் 1871-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: பயிரை மேய்ந்த மாட்டை நிலக்காரர் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் (கால்நடைப் பட்டியில்) அடைக்கலாம். ஆள்பலத்தோடு போய் மாட்டைப் பறித்துவந்தால் அது தனிக் குற்றம்.

படி 5: தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்தால்

மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவர்களுக்கு இதன் வலி தெரியும். ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் வந்த அரசாணை தூரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால், வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனத்துறையினர் அடங்கிய குழு பரிசீலித்த பிறகு சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டுமே. விவசாயிக்கோ, பக்கத்து ஊர் வேட்டைக்காரருக்கோ அனுமதியில்லை.

இழப்பீடு கேட்க, சேதத்தைப் படம் எடுத்து, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள். கிளறிய இடத்தை உழுதுவிட்டுப் போனால் ஆதாரம் போய்விடும்.

வேலியில் மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கரண்ட் இழுக்கவே இழுக்காதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. பன்றிக்கு வைத்த கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன ஆட்களே செத்த சம்பவங்களும் உண்டு. சோலார் மின்வேலி போடலாம், ஆனால் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வனத்துறையில் பதிவு செய்தாக வேண்டும்.

படி 6: வீட்டுக்குள் பாம்பு

அடிக்காதீர்கள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. அடிக்கப் போனால் கடிபடும் ஆபத்து அதிகம் என்பது அதைவிட முக்கியம். குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். ஒருவர் தள்ளி நின்று அது எந்த மூலைக்குப் போகிறது என்று கண் எடுக்காமல் பார்க்கட்டும். இன்னொருவர் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ (101) போன் போடட்டும். ஆள் வரும்வரை பீரோவையோ அரிசி மூட்டையையோ நகர்த்தித் தேட வேண்டாம்.