பழைய மருந்து, புது வேலை

நம்ம உடம்புக்குச் செம்புச் சத்து வேணும், ஆனா துளிதான். மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரோட வெளியே தள்ளிடும். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஏடிபி7பி என்ற மரபணு பழுதாகி வந்தா இந்த வேலை நடக்காது. செம்பு கல்லீரலில் தேங்கி, அப்புறம் மூளையில் படியும். இதுதான் வில்சன் நோய். 1912இல் லண்டன் டாக்டர் கின்னியர் வில்சன் இதை விவரித்து எழுதினார். (செம்புன்னதும் நம்ம பக்கம் ஆலைதான் ஞாபகம் வரும். இது அதனால வர்றதில்லை, பிறவியிலேயே வர்றது.)

பெரும்பாலும் நம்ம வயசை ஒட்டித்தான் வெளியே தெரியும். கை நடுங்கும், கையெழுத்து கோணும், பேச்சு குழறும், எச்சில் வடியும். படிச்சது மனசுல நிக்காது, மார்க் குறையும், கோபம் வரும். வீட்டுல "திமிரு"ன்னு அடிப்பாங்க, இல்லன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. கண் டாக்டர் கருவி வச்சுப் பார்த்தா கருவிழி ஓரத்துல பழுப்பு வளையம் தெரியலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் முப்பது வருஷத்துல தாங்கள் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதியிருக்காங்க.

இனி மருந்து. பெனிசிலின் கிருமியைக் கொல்லும் மருந்து என்று படித்திருக்கிறோம். அது உடைந்து வரும் துண்டான பெனிசிலமினை ஜான் வால்ஷி என்ற டாக்டர் ஒரு நோயாளியின் சிறுநீரில் கண்டார். இது செம்பைப் பிடிக்குமே என்று பிறகு யோசித்தார். முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்! நோயாளிக்குக் கொடுத்ததும் செம்பு சிறுநீரில் வெளியேறியது. 1956இல் உலகத்துக்கு அறிவித்தார்.

இன்னொன்று நமக்கே தெரியும். வயிற்றுப்போக்குக்கு நர்சம்மா 14 நாள் தர்ற துத்தநாக மாத்திரை இருக்குல்ல, அதே துத்தநாகம்தான், அளவு மட்டும் வேற. அது குடலில் ஒரு புரதத்தைக் கூட்டும். அந்தப் புரதம் சாப்பாட்டுல உள்ள செம்பைப் பிடிச்சு வச்சுக்கும். குடல் செல் உதிரும்போது செம்பும் மலத்தோட போயிடும்.

சீக்கிரம் ஆரம்பிச்சா மூளை பிழைக்கும். லேட்டானா முழுசா திரும்பாது. ஆயுசு முழுக்கச் சாப்பிடணும், நடுவுல நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. பெனிசிலமின் சிலருக்கு ஆரம்பத்துல நடுக்கத்தைக் கூட்டும், அதனால டாக்டர் சொல்ற அளவுதான். ஒரு பிள்ளைக்கு இருந்தா கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துல கட்டினா வாய்ப்பு இன்னும் கூடும்.

பத்தியம்தான் நம்மூர்க்காரங்களுக்குக் கஷ்டம். நண்டு, கணவாய், சங்கு இதுக்கெல்லாம் ரத்தத்துல இரும்புக்குப் பதிலா செம்புதான் இருக்கு! அதனால ஆகாது. ஈரல், முந்திரி, சாக்லேட், செம்புக் குடத்துத் தண்ணி இதுவும் கூடாது. நல்லவேளை, மீன் குழம்புக்குத் தடை இல்லை.