கறுப்பு மணலில் முதல் போடுவது யார்?

கிராமக் குழுக்களுக்கான பாடம்

கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரையுள்ள கடற்கரையில் நடந்தவர்கள் கறுப்பு மணலைக் கண்டிருப்பார்கள். வாடைக்காற்று அடித்து ஓய்ந்த பின்னர் அது பட்டை பட்டையாகக் கரையில் படிந்து கிடக்கும். நீண்ட காலமாக நாம் அதனை மணல் என்றே எண்ணியிருந்தோம். இன்று உலகச் சந்தையில் அதற்கு ஒரு புதிய பெயர் வந்துள்ளது. சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பதற்கும், மின்சார வாகனங்களைச் செய்வதற்கும் தேவையான பொருட்களை ‘முக்கிய கனியங்கள்’ என வல்லரசு நாடுகள் பட்டியலிட்டுள்ளன. தைத்தானியமும் அத்தகைய பட்டியல்களில் உண்டு. பட்டியலில் ஏறிய பொருளைத் தேடி முதலீட்டாளர் வருவர்.

‘நாங்கள் கமக்காரர், மணலுக்கும் எங்களுக்கும் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். இந்த மணல் எங்கள் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் அருகில் கிடக்கிறது. சில இடங்களில் குடியிருக்கும் காணிக்குக் கீழேயே கிடக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் காணியில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. உறுதியும் பல இடங்களில் எரிந்துபோயிற்று. கடதாசியில் அது வெறுங்காணியாகவே தெரியும். ஆகவே இந்தப் பாடம் எமக்கு அவசியமாகிறது.

1. மணலைப் பார்ப்போம்

சுளகில் நெல்லைப் புடைக்கும்போது பதர் பறக்கும், பாரமான மணி நிற்கும். கடலும் அதையே செய்கிறது. உள்நாட்டுப் பாறைகள் காலங்காலமாகத் தேய்ந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வருகின்றன. அலை பாரமற்ற வெண்மணலை இழுத்துச் செல்ல, பாரமான கறுப்பு மணல் கரையில் தங்குகிறது. இதில் அதிகமாக இருப்பது இல்மனைற். இது இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனியம். அதனோடு றூட்டைல், சிர்க்கோன் என்பனவும் உண்டு. மொனசைற் என்னும் கனியமும் சிறிதளவு காணப்படும். புல்மோட்டைப் படிவு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளமானது. அந்த மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற். இவ்வளவு செறிவான கடற்கரை மணல் உலகில் அரிது.

மணலை அள்ளி நீரில் கழுவி, காந்தத்தால் இல்மனைற்றைப் பிரிக்கிறார்கள். எஞ்சியதில் மின்னேற்றத்தின் மூலம் றூட்டைலையும் சிர்க்கோனையும் வேறாக்குகிறார்கள். இதற்குப் பெருமளவு நீர் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. உலகம் ஏன் தேடுகிறது?

சர்வதேச எரிசக்தி முகவரகம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு மின்சாரக் காருக்குச் சாதாரண காரைப்போல் ஆறு மடங்கு கனியம் தேவை. நிலத்தில் நிறுவும் காற்றாலைக்கு, அதே வலுவுள்ள எரிவாயு மின்நிலையத்தைவிட ஒன்பது மடங்கு தேவை. செம்பு, லிதியம், நிக்கல், கோபாற்று, காரீயம், அருமண் உலோகங்கள் என்பன இவை. காற்றாலையின் காந்தத்துக்கு வேண்டிய அருமண் உலோகங்கள் மொனசைற்றிலிருந்தும் பெறப்படுகின்றன.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாக அறியவேண்டும். உலகில் தோண்டப்படும் தைத்தானியக் கனியத்தில் மிகப் பெரும்பகுதி காற்றாலைக்கோ பற்றரிக்கோ போவதில்லை. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி, பற்பசை ஆகியவற்றுக்கு வெண்மை கொடுக்கும் தூளாகவே அது மாறுகிறது. சிர்க்கோனில் பெரும்பகுதி தரையோட்டுக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் போகிறது. ஆகையால் ‘பூமியைக் காப்பாற்ற உங்கள் மணல் தேவை’ என்று யாராவது சொன்னால், ‘எந்தக் கனியம், எந்தத் தொழிற்சாலைக்கு, எந்தப் பொருளுக்கு?’ என்று கேளுங்கள்.

காலநிலை மாற்றம் உண்மையல்ல என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தனர். தூய மின்சாரம் எமது பிள்ளைகளுக்கும் வேண்டியதே. அதன் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

3. புல்மோட்டை சொல்லும் கணக்கு

1957 இல் அரசு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை ஏற்படுத்தியது. 1992 இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாற்றப்பட்டது. போர்க்காலத்தில் வேலை பலமுறை தடைப்பட்டது. 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்ற வந்த ‘கோர்டியாலிற்றி’ என்ற வெளிநாட்டுக் கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டு, சீன மாலுமிகளும் உயிரிழந்தனர்.

இத்தனை காலமாக எமது மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. அதனை வெள்ளைத் தூளாக மாற்றும் தொழிற்சாலை வேறு நாடுகளில் இருக்கிறது. இல்மனைற் ஒரு தொன்னின் விலையைவிட வெள்ளைத் தூள் ஒரு தொன்னின் விலை பல மடங்கு. இந்த இடைவெளியில்தான் நல்ல சம்பளம், தொழில்நுட்பப் படிப்பு, இலாபம் எல்லாம் இருக்கின்றன. தெற்கே போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்துக்கும் இதே கதை. 19 ஆம் நூற்றாண்டிலிருந்து நாம் அதனை ஏற்றுமதி செய்கிறோம். பற்றரி செய்வோர் வேறு நாட்டவர். உலகின் அருமண் உலோகங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு சீனாவிலேயே சுத்திகரிக்கப்படுகிறது. நெல்லை ஈரத்தோடு விற்றுவிட்டுக் கடையில் அரிசி வாங்கும் கமக்காரனுக்கு இது எளிதில் விளங்கும்.

4. கொக்கிளாயும் மன்னாரும்

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு தலைமுறைக்கு மேல் வெளியே வாழ்ந்து, 2009 க்குப் பின்னரே திரும்பத் தொடங்கினர். வந்து பார்த்தபோது வயற்காணிகளில் ஒரு பகுதி மகாவலி எல் வலயத்துக்குள் போயிருந்தது. கரைவலை இழுத்த கடற்கரையிலும் போட்டி இருந்தது. இந்த நிலையில் கனிய மணலுக்கும் இடம் கேட்கப்பட்டபோது மக்கள் எதிர்த்து நின்றனர்.

மன்னார்த் தீவில் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவு பெற்ற ரைற்ரானியம் சான்ட்ஸ் என்ற கம்பனி பல ஆண்டுகளாகத் துளையிட்டு ஆய்வு செய்துள்ளது. அதே தீவில் 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தொடர்ச்சியாகப் போராடினர். குருக்களும் உடன் நின்றனர். காற்றாலை வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்க ஜனாதிபதி உத்தரவிட்டார். தூய சக்திக்கான மணலும் தூய சக்திக்கான காற்றாலையும் ஒரே சிறு தீவின் மக்களிடமே கேட்கப்பட்டன.

மணற்பாங்கான ஊர்களில் நன்னீர் கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலாரின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மணல் மேட்டை வெட்டி எடுத்தால் மழைநீரைத் தாங்கும் இடமும் போகிறது, கடலைத் தடுக்கும் அணையும் போகிறது. கிணறு உவராகினால் தென்னையும் தோட்டமும் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

5. அக்கரையில் நடந்தது

தமிழ்நாட்டில் கடற்கரைத் தாது மணல் அள்ளுவதைத் தனியாருக்கு அரசு 2013 இல் தடை செய்தது. அதற்குள் பெரும் அளவு மணல் போய்விட்டது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 5,832 கோடி இந்திய ரூபா எனக் கணக்கிடப்பட்ட அந்த விவகாரத்தை மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் உத்தரவிட்டது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்ரேயரில் அணுக் கனியங்களை எடுக்கும் அரசு நிறுவனத்தின் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்து வருகின்றனர். மணல் போன பின்னர் வரும் தீர்ப்பு மணலைத் திருப்பித் தராது. ஆகவே கேள்வி கேட்கும் காலம் அளவைக்காரர் வரும் காலமே.

6. முதல் என்றால் என்ன?

வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கு வாங்குகிறார். திட்டம் தோற்றால் அந்தப் பணம் போகும். விலை ஏறினால் விற்றுவிட்டு வேறு பங்கு வாங்குவார். ஊர் மக்கள் போடும் முதல் காணி, கிணறு, கரைவலைப்பாடு, வாடி. இவற்றை விற்று வேறு ஊரில் வாங்க முடியாது. கம்பனி அறிக்கையில் இந்த முதல் எழுதப்படுவதுமில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 15 இலட்சம் ரூபா தருவதாக ஒரு தரகர் சொல்கிறார் என வைப்போம். செலவு போக அந்தக் காணியில் ஆண்டுக்கு 60,000 ரூபா மிஞ்சுகிறது என்றால், 25 ஆண்டில் அதே 15 இலட்சம் வந்துவிடும். அதன் பின்பும் காணி இருக்கும். பணத்தை வங்கியில் போட்டால் வட்டி வரும் என்பது உண்மை. ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமானபோது சேமித்த பணம் என்ன ஆனது என்பதையும் நினையுங்கள். உங்கள் காணிக்கு உங்கள் கணக்கை வீட்டில் எல்லோரும் கூடியிருந்து போடுங்கள். குடும்பத் தலைவிகளும் பிள்ளைகளும் அதில் இருக்கவேண்டும்.

7. சட்டம் தரும் இடம்

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின்படி நாட்டின் கனியங்கள் யாவும் அரசுக்கே சொந்தம். காணி உங்கள் பெயரில் இருந்தாலும் கீழேயுள்ள கனியம் உங்களுடையதல்ல. அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆய்வு அனுமதி வேறு, அகழ்வு அனுமதி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைச் செய்ய விடாதீர்கள்.

கடற்கரையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமும் பொருந்தும். பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். அந்த அறிக்கை வெளியானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, மக்களின் கருத்துக்கு 30 நாள் தரவேண்டும். காணியை அரசு எடுப்பதாயின் 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் வரும். 4 ஆம் பிரிவு அறிவித்தலுக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம்.

இந்த நாட்கள் தவறினால் உரிமையும் தவறும். 2025 மார்ச்சில் வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என வர்த்தமானி வந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காணிகளும் அதில் இருந்தன. எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அதனை இடைநிறுத்தியது. இந்தியாவிலும் கனடாவிலும் இருக்கும் உறவினருக்கு மூன்று மாதம் என்ன காலம்?

8. செயற்படுவோம்

அ. உறுதி, உத்தரவுப்பத்திரம், பழைய வரி ரசீது, வாக்காளர் பதிவு எது கிடைத்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

ஆ. யார் காணியை அளக்க வந்தாலும் பெயர், அலுவலகம், அனுமதி இலக்கம், திகதி ஆகியவற்றைக் குறித்துக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

இ. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தக் காணிக்கு எந்த அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது எனப் பணியகத்திடம் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

ஈ. கிணற்று நீரின் மட்டத்தையும் உவர்ப்பையும் மாதம் ஒருமுறை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பின்னர் இழப்பு ஏற்பட்டால் இதுவே சாட்சி.

உ. தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள். கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் ஒன்றாயிருந்து வாசித்த பின்னரே பதில் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் கனிய மணல் எடுத்தால் முதலில் பாதிக்கப்படுவது யார்? அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா?

2. அகழ்வில் கிடைக்கும் வேலைகள் எத்தனை ஆண்டுக்கு? எமது பிள்ளைகளுக்கு அவற்றுக்கான படிப்பு உண்டா?

3. எடுத்த குழியை யார் மூடுவது? அதற்கான பணம் முன்கூட்டியே வைப்பிலிடப்பட்டுள்ளதா?

4. எந்த நிபந்தனைகளில் நாம் சம்மதிப்போம்? எந்த நிலையிலும் சம்மதிக்கமாட்டோம் என்பவை எவை?

நான்காவது கேள்வியின் விடையை இரண்டு பட்டியலாக எழுதிச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள். இன்னும் திரும்பி வராத குடும்பங்களுக்கும் அதன் பிரதியை அனுப்பி அவர்களின் கருத்தையும் கேட்டு எழுதுங்கள்.