குற்றவியல் படித்தால் என்ன வேலை?

கேள்வி: மகள் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். அடுத்து எம்.ஏ. குற்றவியல் சேரப்போகிறேன் என்கிறாள். போலீஸ் வேலையா, வக்கீல் வேலையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் படிக்க வைக்கிறேன். நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், புதூர்

பதில்: அனுப்பலாம் அம்மா. என்ன படிப்பு என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உங்கள் பக்கத்துக் கோவில்பட்டி கிளைச் சிறையில்தான் அடைக்கப்பட்டார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அந்த வழக்கில் ரத்தக்கறையை ஆராய்ந்து சொல்வது தடயவியல். குற்றம் யாருடையது, தண்டனை என்ன என்று பார்ப்பது சட்டம். ஒரு காவல் நிலையத்தில் அடிக்கும் பழக்கம் எப்படி வேரூன்றியது, ரிமாண்டு செய்தபோதும் சிறையில் சேர்த்தபோதும் ஏன் யாரும் தடுக்கவில்லை, பறிகொடுத்த குடும்பத்துக்கு அரசின் கடமை என்ன, இனி நடக்காமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்று ஆராய்வது குற்றவியல்.

குற்றம் ஏன் நடக்கிறது என்பதற்குத் தவறான பதில் சொன்ன காலமும் உண்டு. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மக்களைக் குற்றவாளிகளாக்கியது. குற்றவாளி பிறவியிலேயே உருவாகிறான் என்று 1876இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ நூலே எழுதினார். அந்த எண்ணம் தவறென்று ஆய்வால் காட்டியவர்களும் குற்றவியலாளர்களே. ஆளையும் சாதியையும் பார்த்து முடிவு கட்டாதவர்கள் இந்தத் துறைக்கு அவசியம் தேவை.

திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே குற்றவியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. வரலாறு படித்தது தடையாகாது. தடயவியல் ஆய்வக வேலைக்குத்தான் அறிவியல் பட்டம் வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். ‘குற்றவியலாளர்’ என்ற பெயரில் அரசுப் பணியிடம் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. நன்னடத்தை அலுவலர் பணி இந்தப் படிப்புக்கு நெருக்கமானது. வழக்கில் சிக்கிய சிறுவனின் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுபவர் அவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் பல இடங்கள் ஒப்பந்த வேலைதான். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

ஆகவே எம்.ஏ. முதல் வருஷமே டி.என்.பி.எஸ்.சி.க்கும் தயாராகட்டும். ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வித்தகுதியை வரிவரியாகப் படிக்கட்டும். விடுமுறையில் நீதிமன்றம் போய் வழக்குகளைக் கவனிக்கட்டும். ஸ்டேஷன் வாசலில் நிற்கவே பயப்படும் ஏழைகளின் நிலை தெரிந்த கரிசல்காட்டுப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரவேண்டும். தைரியமாக அனுப்புங்கள் அம்மா.