ஆரல்வாய்மொழிக் காற்றும் அரை வாளித் தண்ணீரும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட் கிடைத்தால் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள். முதல் அரை மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். வயல், வாழைத் தோப்பு, தென்னை, குளம், மறுபடியும் வயல்... தோவாளை வந்ததும் பூ வாசம். அடுத்தது ஆரல்வாய்மொழி. அங்கே பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளுவது போல ஒரு காற்று அடிக்கும். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பிய பெண்கள் எல்லாம் முந்தானையால் தலையைச் சுற்றிக்கொள்வார்கள். கணவாயைத் தாண்டி முப்பந்தல் வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். அப்புறம் பாருங்கள், அந்தப் பச்சை போயே போச்சு! பொட்டல், பனை, உடைமரம், ஆட்டு மந்தை.

அதே சூரியன்தான். பஸ் டிக்கெட்கூட பெரிய தொகை இல்லை. இவ்வளவு சின்னப் பயணத்துக்குள் செடியும் மரமும் ஆடு மாடும் இப்படி மாறிப் போகிறதே, ஏன்?

'ஹெல்த் பத்திரிகையில் எதுக்கு இந்தப் பூகோளப் பாடம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. வாழையைக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் உடைமரத்தை அந்தப் பக்கமும் வைத்திருக்கிற அதே விதிதான் உங்கள் வீட்டு இட்லி மாவிலும், மத்தியானம் மிஞ்சின சாதத்திலும், குளியலறைக்குப் பின்னால் இருக்கும் டிரம்மிலும் வேலை செய்கிறது. கடைசியில் சொன்ன டிரம்மால் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி வரை போய் வந்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியப்போகிற இடத்தில் விழுந்த வாசல் இது. வெள்ளைக்காரர்களின் பழைய ஏடுகளில் 'ஆரம்போலி' என்று இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை மேல் ஏறும்போது மேகம் குளிர்ந்து, மேற்குப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இறக்கிவிட்ட காற்று கணவாய் வழியாகப் பாய்கிறது. குழாய் முனையை விரலால் அமுக்கினால் தண்ணீர் சீறிக்கொண்டு வருமே, அதே கதைதான். காற்றாலைக்காரர்கள் இங்கே வந்து குவிந்ததற்கும் இதுதான் காரணம். குமரி மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கணவாய்க்கு அப்பால் முதல் மழைக்காலம் பேருக்குத்தான்.

ஒரு செடி ஓரிடத்தில் பிழைக்குமா என்பதை வெப்பம், நீர், வெளிச்சம், காற்று, மண் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை உண்டு. நடுவில் இருந்தால் செழிப்பு. எல்லை ஓரத்தில் உயிர் மட்டும் இருக்கும், காய்ப்பு இருக்காது. எல்லை தாண்டினால் அவ்வளவுதான். மட்டிப் பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு முதன்முதலில் மசித்துக் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அது நன்றாக வருவது மாவட்டத்தின் மேற்கே, மழை வளமுள்ள கல்குளம், விளவங்கோடு பக்கம். அதே கன்றைக் கொண்டுபோய்ப் பணகுடியில் நட்டுவிட்டு 'ருசி வரலியே' என்று அலுத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை.

காற்றே ஒரு வாத்தியார் மாதிரிதான். தினம் ஆட்டி அலைக்கழிக்கப்படும் மரம் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, அடிமரத்தைத் தடிக்க வைத்து, வேரை இறுக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர்-2' என்று ராட்சசக் கண்ணாடிக் கூடம் கட்டினார்கள். 1991-ல் எட்டுப் பேர் உள்ளே போய் இரண்டு வருஷம் குடியிருந்தார்கள். உள்ளே இருந்த மரங்கள் கிடுகிடுவென வளர்ந்தன, ஆனால் தண்டில் தெம்பில்லாமல் தொய்ந்தன. கூடத்துக்குள் காற்று அடிக்கவில்லை, அதுதான் குறை! வாழை இலை கிழிவதும் அந்த மாதிரி ஒரு தற்காப்புதான். கிழிசல் வழியாகக் காற்று புகுந்து போய்விடுவதால் மரம் சாயாமல் தப்பிக்கிறது. (விருந்துக்குக் கிழியாத தலைவாழை இலை வேண்டுமென்றால், காற்று மறைவான தோட்டத்தைத்தான் தேடிப் போக வேண்டும்.)

எல்லாம் இருந்து ஒன்று மட்டும் குறைந்தால்? ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் பிரபலப்படுத்தினார். எது மிகக் குறைவாக இருக்கிறதோ, வளர்ச்சியை அதுதான் நிர்ணயிக்கும். வயலில் தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாக இருந்து துத்தநாகம் இல்லையென்றால் பயிர் குன்றித்தான் போகும். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், காலம் காலமாக மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்ற ஜனங்களுக்குக் கழுத்துக் கழலை சர்வசாதாரணம். 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் அங்கே ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாக்கி, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்றாவது பகுதியில் குறையவே இல்லை. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கழலைகூடப் பரவாயில்லை. கர்ப்பிணிக்கு அயோடின் ரொம்பக் குறைந்தால் பிறக்கிற குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். அதனால்தான் அயோடின் உப்பு வாங்கச் சொல்கிறோம். வாங்கின உப்பை ஜாடியில் இறுக்கி மூடி, அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

இப்போது அடுக்களைக்கு வருவோம். உங்கள் மாவுப் பாத்திரம் ஒரு சின்னக் காடு. சித்திரை மாதம் ராத்திரி அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிகிறது. மார்கழியில் எட்டு மணியாகியும் 'உம்'மென்று உட்கார்ந்திருக்கிறது. அரிசியும் உளுந்தும் அதேதான், வெப்பம்தான் வேறு. மாவைப் புளிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குப் பிடித்த வெதுவெதுப்பு, வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்களுக்கும் பிடிக்கும் என்பதுதான் சங்கடம். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்கு ராஜபோகம். வசதியான சூழலில் ஒரு பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரண்டாகும். ஏழு மணி நேரத்தில் எத்தனை? கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது லட்சத்தைத் தாண்டும்!

நம் பாட்டிமார்கள் பாக்டீரியா என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. ஆனாலும் அதைப் பட்டினி போடத் தெரிந்து வைத்திருந்தார்கள். கருவாட்டில் உப்பும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை இழுத்துவிடுகின்றன, கிருமி குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊறுகாயில் உப்போடு புளிப்பும் சேர்கிறது. பழங்கஞ்சியில் சாதத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்து, புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்து, அது உண்டாக்கும் அமிலத்தால் மற்றவற்றை விரட்டினார்கள்.

கெடுதல் எங்கே வருகிறது தெரியுமா? மத்தியானம் வடித்த சாதத்தை ஆழமான பாத்திரத்தில் மூடி, அடுப்பு மேடையிலேயே சாயங்காலம் வரை வைத்து, ராத்திரி சுட வைத்துத் தாளித்துக் கொடுக்கிறோமே, அங்கே. 'கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணிட்டேனே' என்பீர்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சாதம் கொதிக்கும் சூட்டிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைக் கக்கி வைக்கிறது. மறுபடி சூடு பண்ணினால் கிருமி சாகலாம், வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே மிஞ்சின சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சரி, டிரம் கதை. எங்கள் சித்தி வீடு ஆரல்வாய்மொழியில். ஒரு ஆடி மாதம் போயிருந்தேன். ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்ள, மண் வந்து சாப்பாட்டில் விழுகிறது என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் பேரனுக்கு, ஒன்பது வயசு, மூன்று நாளாகக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று நான் இழுத்ததும் சித்திக்குச் சிரிப்பு. "இந்தக் காத்துல மனுசனே நிக்க முடியல்ல, கொசுவா நிக்கும் மக்ளே?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கொசு பறக்கும் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில்தான். மின்விசிறிக் காற்றுக்கே அது திணறும். ஆனால் ஊரில் அடிக்கிற காற்று வேறு, கட்டிலுக்கு அடியில் அடிக்கிற காற்று வேறு. ஓர் உயிருக்கு முக்கியம் அது ஒண்டியிருக்கும் மூலையின் சூழல்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருட்டு மூலையிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் சொகுசாக உட்கார்ந்திருக்கும், கடிப்பது பகலில். ஜன்னல்களை அடைத்ததால் நாமே அதற்குக் காற்றில்லாத, கொஞ்சம் ஈரமான, இதமான அறையைக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

குளியலறைக்குப் பின்னால், சுவர் மறைவில், பிளாஸ்டிக் டிரம். குழாயில் தினம் தண்ணீர் வராத ஊர்களில் டிரம் இல்லாத வீடு ஏது? மூடி எப்போதோ காற்றில் பறந்து போயிருந்தது. அடியில் அரை வாளித் தண்ணீர்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், நெளி நெளியென்று புழுக்கள்! இந்த வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுவின் உடம்புக்குள் போன டெங்கு வைரஸ், அடுத்தவரைத் தொற்றும் நிலைக்கு வர இன்னும் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். வெப்பம் கூடினால் இந்தக் கணக்கும் சுருங்கும்.

பையனுக்கு ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் வீடே நிம்மதியானது. நிம்மதியாகக் கூடாத நேரம் அதுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காய்ச்சல் இறங்கும்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகும். விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை சுருண்டு படுப்பது அல்லது காரணமில்லாமல் அமைதியிழப்பது... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. எங்கள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நரம்பு வழியாக நீர் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கூடவே கூடாது, ரத்தக் கசிவு அதிகமாகும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தாயிற்று என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் நாளில் சித்தி டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, 'முடிஞ்சுது போ' என்றார். முடியவில்லை. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில். கறுப்புப் புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் பல மாதம் உயிரோடு காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கணவாய்க்கு அப்பால் மழைக்காகக் காத்துக் கிடக்கும் புல் விதைக்கு உள்ள அதே பொறுமை இதற்கும் உண்டு. எனவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் காற்றில் வேர்வை வழியாது, வந்ததும் காய்ந்துவிடும். 'வேர்க்கவே இல்லை' என்று நினைத்து ஜனங்கள் தண்ணீர் குடிப்பதை மறந்துவிடுகிறார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களும் வயசானவர்களும் தாகத்துக்குக் காத்திருக்காமல் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

போன மாதம் சித்தி போன் பண்ணினார். டிரம்முக்குப் பழைய வேஷ்டியை இரண்டாக மடித்துக் கட்டி, மேலே பலகை, பலகை மேல் இரண்டு செங்கல். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேங்காய் நார் போட்டு உள்சுவரைத் தேய்ப்பது பேரன் வேலையாம். "செங்கல்லும் பறந்துட்டுன்னா எனக்கிட்ட கேக்கப்படாது கேட்டியா" என்றார்.