கெமிஸ்ட்ரியை உருப்போடாதே, ஊரைப் பார்!

தம்பி, தங்கச்சி, பரீட்சை நெருங்கும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, கெமிஸ்ட்ரி மண்டையில் ஏற மாட்டேங்குது" என்றால் எப்படி? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று டேனரிக்கு நடுவில் குடியிருப்பவர்கள் சொல்கிற பேச்சா இது? ஒரு தோல், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து குரோம் டிரம்முக்குப் போகிற வழியைப் பிடித்துக்கொள். நேரம் மிச்சம்.

1. பிஹெச்: கழித்தல் கணக்கு இல்லை. முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் பிஹெச் 12-ஐ ஒட்டி இருக்கும். குரோம் ஏற்றுவதற்கு முன் உப்பும் அமிலமும் சேர்த்து 3-ஐ ஒட்டி இறக்குவார்கள். "ஒன்பதுதானே வித்தியாசம்" என்று எழுதிவிடாதே. ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு. ஒன்பது படிக்கு நூறு கோடி மடங்கு!

2. அவசரம் வேண்டாம். குரோம் உள்வரை ஊறியபின், சோடியம் பைகார்பனேட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஹெச்சை 4-க்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். அப்போதுதான் குரோமியம், கொலாஜன் புரதத்தின் கார்பாக்சில் தொகுதியோடு பிணையும். மொத்தமாகக் கொட்டினால் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து மேலேயே திட்டுத்திட்டாக நின்றுவிடும். லேபில் டைட்ரேஷனும் அப்படித்தான்: நிறம் மாறும் சமயத்தில் சொட்டுச் சொட்டாக விடு.

3. ஆக்சிஜனேற்ற எண்: ஊகிக்காதே, கணக்குப் போடு. சோடியம் டைகுரோமேட்டில் ஏழு ஆக்சிஜனுக்கு -14, இரண்டு சோடியத்துக்கு +2. மீதி +12-ஐ இரண்டு குரோமியம் பங்கு போட்டால் தலைக்கு +6. டிரம்மில் போடும் குரோமியம் சல்பேட்டில் +3. பேர் ஒன்று, குணம் வேறு. +3 தோலைப் பதப்படுத்தி, "வெட் ப்ளூ" என்கிற ஈரமான நீலத் தோலாக்கும். +6 புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைக் கண்டு ஊர் பயப்படுவது இந்த +6-க்காகத்தான்.

4. கரைந்ததை வடிகட்ட முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். பாலாற்றங்கரைத் தண்ணீர் உப்புக் கரிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் மண்தான் நிற்கும். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சி வடிக்க வேண்டும்.

5. இதை மறந்தால் திட்டுதான். சோடியம் சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று கழிவுத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, இறங்க விடவும் கூடாது. வீட்டிலும் பாத்ரூம் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதே, குளோரின் வரும். லேபில் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

போதும், போ. புத்தகத்தை மூடிவைத்து இந்த ஐந்தையும் ஒரு தரம் எழுதிப் பார். பேனா எங்கே நிற்கிறதோ, அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிப் படி.