கேட்டது கிடைக்காதபோது

நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து விடிய விடிய துஆச் செய்கிறோம். மகளுக்கு நல்ல சம்பந்தம் கூடிவர வேண்டுமென்று மாதக்கணக்கில் கையேந்துகிறோம். ஆனால் நோயாளி கண்மூடி விடுகிறார். கூடிவந்த சம்பந்தம் தட்டிப் போகிறது. “நம் துஆ கபூலாகவில்லையே!” என்று மனம் ஒடிந்து போகிறோம். சிலர் துஆக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் நமக்கு உண்மையான நஷ்டம்.

நபி நூஹ் (அலை) அவர்கள் வெள்ளத்தில் அகப்பட்ட தம் மகனுக்காக அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். மகன் காப்பாற்றப்படவில்லை. நபியின் வேண்டுதலுக்கே விடை வேறாக வந்தது! அவர்களோ மறுவாதம் செய்யவில்லை. தாம் அறியாததைக் கேட்பதைவிட்டு அவனிடமே காவல் தேடி, மன்னிப்பும் அருளும் வேண்டினார்கள். இதைத் திருக்குர்ஆனின் 11-வது அத்தியாயமான ஹூதில் காண்கிறோம். கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் ஏந்திய கை இறங்கவில்லை.

பொருந்திக் கொள்வதென்றால் அழக்கூடாது என்பதல்ல. ஹிஜ்ரி 10-ல் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். உள்ளத்தின் துயரத்தையும் மறைக்கவில்லை. ஆனால் ரப்புக்குப் பொருத்தமில்லாத ஒரு சொல்லும் அவர்கள் நாவிலிருந்து வரவில்லை.

பாவமானதையோ உறவை முறிப்பதையோ கேட்காத முஸ்லிமின் துஆவுக்கு மூன்றில் ஒன்று உண்டென்று அபூ ஸயீத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது: கேட்டது இங்கேயே கிடைக்கும், அல்லது மறுமைக்காகச் சேர்த்து வைக்கப்படும், அல்லது அதற்கீடான ஒரு தீங்கு அகற்றப்படும். நம் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டையும் காணாமலேயே ‘துஆ வீண்’ என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

அப்படியானால் எப்படிக் கேட்பது? இரண்டு ரக்அத் தொழுது ஓதும் இஸ்திகாரா துஆவே வழிகாட்டுகிறது. கனவு வருமா என்று காத்திருக்கும் நாம், அதன் பொருளைக் கவனிப்பதில்லை. ‘இக்காரியம் தீனுக்கும் வாழ்வுக்கும் நன்மையானால் எளிதாக்கித் தா, தீமையானால் விலக்கி விடு, நன்மை எங்கிருப்பினும் அதை எனக்கு விதித்து, அதில் எனக்குத் திருப்தியையும் கொடு’ என்பதே அதன் கருத்து. கேட்பதோடு, கிடைப்பதை ஏற்கும் மனத்தையும் சேர்த்தே கேட்கிறோம்.

ஆகவே, இன்றிரவு கையேந்தும்போது நம் தேவையை ஒளிக்காமல் கேட்போம். முடிவை அவனிடம் விட்டுவிடுவோம். நாளையும் மீண்டும் கேட்போம். கேட்பது அடிமையின் வேலை. கொடுப்பதும் தடுப்பதும் எஜமானனின் நாட்டம். அந்த நாட்டத்தைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.